பழைய நடிகைகள் சிறுவயதில் பட்ட கஷ்டம்தான் அவர்களைப் பெரிய நடிகைகளாக்கியதா? இப்போதைய நடிகைகளுக்கு ஏன் அப்படிப்பட்ட கதைகள் இல்லை?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கஷ்டம்தான் நடிப்பைக் கொடுக்கும் என்றால் எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் பின்கட்டில் பாத்திரம் தேய்த்த பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் நடிகைகளாகியிருக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகிற வயதில் சம்பாதிக்க அனுப்பியது, அவ்வளவுதான் அந்தக் கஷ்டம் செய்த வேலை. பாட்டும் வசனமும் வந்த பிள்ளை நாடகத்துக்குப் போனாள். வராத பிள்ளை வீட்டு வேலைக்குப் போனாள். என் அத்தை இரண்டாவது ரகம்.

மனோரமா இரண்டையும் பார்த்தவர். 1937-இல் மன்னார்குடியில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் கோபிசாந்தா. அப்பா கைவிட்டுவிட, வறுமையோடு அம்மாவும் மகளும் வந்து சேர்ந்த ஊர் காரைக்குடிக்குப் பக்கத்துப் பள்ளத்தூர். அம்மாவுக்கு ரத்த வாந்தி வர ஆரம்பித்ததும் மகள் வீட்டு வேலைக்குப் போனார். 12 வயதில் நாடக மேடை. மனோரமா என்கிற பெயரே நாடகக்காரர்கள் வைத்ததுதான்.

வீட்டு வேலை என்றதும் இரண்டு படுக்கையறை வீட்டை நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஊர் நகரத்தார் வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். நடுவில் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு தடவை கூட்டி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும். விசேஷம் வந்துவிட்டால் பித்தளை அண்டாக்களைப் பின்கட்டில் வரிசையாகப் போட்டுவிடுவார்கள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க வேண்டும். அத்தை அண்டாவுக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்து தேய்ப்பாராம், ஆள் அவ்வளவு சிறிசு. புளி பட்டு விரல் இடுக்கெல்லாம் வெடித்து, ராத்திரி நல்லெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பாராம். சம்பளத்தை அவர் கையால் வாங்கியதே இல்லை. மாதம் பிறந்ததும் அப்பத்தா போய் வாங்கிவந்துவிடும்.

டிவியில் மனோரமா வந்தால் அத்தை நகர மாட்டார். ஏதாவது கடிதத்தையோ காசையோ வாங்கும் முன் முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்கிற மாதிரிக் காட்சி வந்தால் போதும், "பாரு, அண்டா தேச்ச கைதான் அப்படித் தொடைக்கும். சொல்லிக் குடுத்து வர்றதில்ல" என்பார். இருக்கலாம். ஆனால் அத்தை கையும் அதே கைதானே.

சரி, பிறகு ஏன் பழைய நடிகைகள் இத்தனை பேருக்கு ஒரே மாதிரிக் கதை? அந்தக் காலத்தில் கௌரவம் பார்க்கிற வீடுகள் பெண்ணைக் கொட்டகை வாசலுக்குக்கூட அனுப்பாது. ஆகவே கலையையே தொழிலாகக் கொண்ட குடும்பத்துப் பெண்களைத் தவிர, வேறு போக்கிடம் இல்லாதவர்கள்தான் அதிகமாக வந்தார்கள். சௌகார் ஜானகியைப் பாருங்கள். சிறு பெண்ணாக வானொலியில் நடித்துக்கொண்டிருந்தபோதே சினிமா வாய்ப்பு தேடி வந்தது. வீட்டில் பதறிப்போய்க் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். அப்புறம் குடும்பத்தில் பணக்கஷ்டம் வந்து, கைக்குழந்தையோடு அவரே போய் வாய்ப்புக் கேட்டார். 1950-இல் வந்த 'ஷாவுகாரு' என்ற தெலுங்குப் படத்தின் பெயர் நிரந்தரமாக அவரோடு ஒட்டிக்கொண்டது. திறமை முதலிலேயே இருந்தது. வறுமை வந்த பிறகுதான் கதவு திறந்தது.

எனக்கு இந்தக் கதைகளில் உறுத்துவது சம்பளம் யார் கைக்குப் போனது என்பதுதான். பழைய இந்தி நடிகை மதுபாலா 1933-இல் பிறந்தவர். 1942-இல் 'பசந்த்' படத்தில் குழந்தை நட்சத்திரம். வேலை போன அப்பா, வீடு நிறையப் பிள்ளைகள், சம்பாதித்தது இந்தச் சிறுமி. அவருடைய படங்களை முடிவு செய்ததும் அப்பாதான். இதயத்தில் ஓட்டையோடு 36 வயதில் போய்விட்டார். இன்னொரு இந்தி நடிகை மீனா குமாரியும் 1933-தான். அவரும் சின்னஞ்சிறு பிள்ளையாகவே கேமரா முன் நின்றவர். சாவித்திரி கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார், பெரியப்பா வீட்டில் வளர்ந்தார். ஜெயலலிதாவுக்கு இரண்டு வயதில் அப்பா போனார். சட்டம் படிக்க ஆசைப்பட்ட நல்ல மாணவி, குடும்பத்துக்காக நடிக்க வந்தார். நன்றாகப் படிக்கிற பிள்ளையை நிறுத்துகிறோமே என்று சினிமா வாய்ப்பு எந்த வீட்டையும் தயங்க வைத்ததாகத் தெரியவில்லை.

விதிவிலக்கு டி.பி. ராஜலட்சுமி. பால்ய விவாகம் முறிந்து, தகப்பனையும் இழந்து நாடகத்துக்கு வந்தவர். 1931-இல் 'காளிதாஸ்' மூலம் தமிழ்ப் பேசும் படத்தின் முதல் கதாநாயகி. 1936-இல் 'மிஸ் கமலா'வைத் தானே தயாரித்து இயக்கினார். முடிவு எடுக்கிற நாற்காலியில் அவரே உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு அது வாய்த்தது?

மனோரமா அந்த நாற்காலிக்குப் போகவில்லை. ஆனால் பக்கத்தில் அம்மா இருந்தார், அது பெரிய பலம். முதல் படம் 1958-இல் 'மாலையிட்ட மங்கை'. தயாரித்தவர் கண்ணதாசன், அவரும் எங்கள் சிறுகூடல்பட்டிக்காரர். 1964-இல் காதல் கல்யாணம், ஓரிரு ஆண்டில் அதுவும் முறிந்து மகனோடு தனியே நின்றார். அம்மாவுக்கு வந்ததே மகளுக்கும் வந்தது. இந்த முறை கையில் தொழில் இருந்தது, அதுதான் வித்தியாசம். 1985-இல் 1000 படம் தாண்டியதாகக் கின்னஸில் ஏறினார். எல்லாரும் அதைச் சாதனையாகச் சொல்கிறார்கள், சாதனைதான். எனக்கு அதில் வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்லப் பயந்த அந்தப் பள்ளத்தூர்ப் பெண்ணும் கொஞ்சம் தெரிகிறார். இது என் ஊகம்தான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். இன்றைக்கு வசதியான வீட்டுப் பிள்ளைகள் விரும்பி நடிக்க வருகிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு கல்லூரிப் பெண் குறும்படத்தில் நடிக்கிறாள். படப்பிடிப்புக்கு அவளை வண்டியில் கொண்டுபோய் விடுவது அவள் அப்பாதான், சாப்பாட்டு டிபன் பாக்ஸோடு.