இழுவையும் மணலும்: பழைய ஜீப் வைத்திருப்போரின் கேள்விகள்

கேள்வி: மயிலிட்டியிலிருந்து படகு ரெயிலரை இழுத்து வரும்போது எனது பழைய 2.5 லீற்றர் டீசல் பஜெறோவின் சூட்டு முள் ஏறுகிறது. வெறுமையாக ஓடும்போது ஏறுவதில்லை. என்ஜினை மாற்றவேண்டுமா?

பதில்: என்ஜினில் கைவைக்கும் முன் றேடியேற்றரைக் கழற்றிப் பாருங்கள். வலிகாமத்துச் சுண்ணாம்புக்கல் கிணற்று நீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றிய வண்டிகளில், கேத்திலின் அடியில் படிவதைப் போன்ற வெள்ளைக் காறை மெல்லிய குழாய்களுக்குள் படிந்து நீரோட்டத்தைக் குறுக்கிவிடும்; பாரமில்லாதபோது மறைந்திருக்கும் அக்குறை இழுவையில்தான் வெளிப்படும். விசிறியை என்ஜினுடன் இணைக்கும் விஸ்கஸ் கப்ளிங்கையும் சோதியுங்கள்: சூடான என்ஜினை நிறுத்தியபின் கையால் சுழற்ற, விசிறி தடையின்றிச் சுற்றிக்கொண்டே இருந்தால் அது பழுது. இவற்றைச் சரிசெய்தபின் வடித்த நீருடன் கலந்த கூலன்ற் மட்டுமே ஊற்றுங்கள். இழுக்கும்போது ஐந்தாம் கியரைத் தவிர்த்து நான்காம் கியரில் வாருங்கள். உங்கள் வண்டியிலுள்ள 4டி56 என்ஜினின் ஹெட் (மேல்பாகம்) அலுமினியத்தாலானது. முள் ஏறிய பின்னும் "வீடுவரை போய்விடலாம்" என ஓட்டுபவர்களே அதில் வெடிப்பு விழச்செய்கிறார்கள்.

கேள்வி: இதே என்ஜின்தான் என்னிடமும் உள்ளது. வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் ரைமிங் பெல்ற் எப்போது மாற்றப்பட்டதென்று விற்றவருக்குத் தெரியவில்லை.

பதில்: அப்படியானால் மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள். அதிர்வைக் குறைக்கும் பலன்ஸ் சாஃப்றைச் சுழற்றும் சிறிய பெல்றையும் சேர்த்தே மாற்றவேண்டும். அது அறுந்து பெரிய பெல்றுக்குள் சிக்கினால் வால்வுகளை அழுத்தும் றொக்கர்கள் முறியும், வால்வுகள் வளையவும் கூடும்.

கேள்வி: வடமராட்சி மணற்காட்டில் நான்கு சக்கர இழுவை போட்டும் வண்டி புதைகிறது.

பதில்: பழைய அந்தோனியார் கோயிலையே மூடிய மணல் அது, குதிரைவலுவால் மட்டும் வெல்லமுடியாது. ரயர்களில் காற்றை 18 இறாத்தல் அளவுக்குக் குறைத்தால் ரயர் நீளவாக்கில் விரிந்து பாரத்தைப் பரப்பும். லோ றேஞ்சில் (இழுவலுவைக் கூட்டும் தாழ் கியர்த் தொகுதி) இரண்டாம் கியரில் புறப்படுங்கள், சடுதியாகத் திருப்பாதீர்கள், நிறுத்தும்போது பிறேக் அழுத்தாமல் தானாக உருண்டு நிற்க விடுங்கள். சக்கரம் வெறுமனே சுழலத் தொடங்கினால் அக்சிலரேற்றரை உடனே விட்டு, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுங்கள். தார் வீதிக்கு ஏறுமுன் காற்றை மீண்டும் நிரப்புவது கட்டாயம்.

கேள்வி: படகை இறக்கும்போது பின் அச்சு கடலில் நனைகிறது. பாதிக்குமா?

பதில்: பாதிக்கும். ஓடிச் சூடேறிய ஹப்புகள் (சக்கரங்களின் மையப்பகுதிகள்) குளிர்ந்த நீரில் சட்டென இறங்கினால் உப்புநீரை உள்ளிழுத்துக்கொள்ளும். ஆகவே கரையில் சற்று நேரம் ஆறவிட்டு இறக்குங்கள், ரெயிலரின் ஹப்புகளுக்கும் இதுவே விதி. வீடு திரும்பியதும் நன்னீரால் அடிப்பகுதியைக் கழுவுங்கள். அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலின் ஒயில் பால்நிறமாக வெளிறியிருந்தால் அன்றே மாற்றிவிட்டு, அதன் காற்றுக் குழாயை உயரமாகக் கட்டுங்கள்.