சமையலறை பிளக் திடீரென வேலை செய்யவில்லை, எங்கே பார்ப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள அம்மா வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிகிறது, கெட்டில் போடும் பிளக்கில் மட்டும் கரண்ட் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கெட்டிலை வேறு அறையில் போட்டுப் பாருங்கள். அங்கே கொதித்தால் கெட்டில் சரி. கொதிக்காவிட்டால் கெட்டில் கெட்டிருக்கலாம், அல்லது எல்லாப் பிளக்கிலும் கரண்ட் போயிருக்கலாம். எப்படியானாலும் அடுத்து டிபி போர்டைப் பாருங்கள், அதாவது வீட்டின் மெயின் சுவிட்ச் இருக்கும் பெட்டி. நம் வீடுகளில் பிளக்குகளுக்குக் கரண்ட் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் வழியாக வரும். கரண்ட் கசிந்தால் தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்ச் அது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது விழுந்துவிடும் (அணைந்துவிடும்). பல வீடுகளில் விளக்குகள் அதில் சேராது, அதனால் அவை எரிந்துகொண்டே இருக்கும். விழுந்திருந்தால் பிளக்குகளில் மாட்டியிருக்கும் எல்லாச் சாதனங்களையும் கழற்றிவிட்டு சுவிட்சைத் தூக்குங்கள். அது விழாமல் நின்றால், சாதனங்களை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ, அதில்தான் கசிவு. அடியில் ஈரம் இறங்கிய கெட்டிலை நான் முதலில் சந்தேகப்படுவேன்.

டிபியில் எல்லாம் சரி, ஒரு பிளக் மட்டும் செத்திருக்கிறதா? அப்படியானால் பின்னால் வயர் தளர்ந்தோ கருகியோ இருக்கலாம். 16 ஆம்பியர் பிளக் தாங்குவது சுமார் 3,680 வாட். கெட்டிலும் ஹீட்டரும் ஒரே அடாப்டரில் போட்டால் அதைத் தாண்டிவிடலாம். கருகல் வாசனை வந்தால் மெயினை அணைத்துவிட்டு, பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதுவரை அம்மாவை அந்தப் பிளக்கைத் தொடவே விடாதீர்கள்.