ஸ்லீப் ஆப்னியா உள்ள ஒருவர் விழிப்புடன் வண்டி ஓட்டுவாரா என்பதை எந்தப் பரிசோதனை காட்டும்?

இரவுத் தூக்கத்தைப் பதிவு செய்யும் ஸ்லீப் ஸ்டடியில் மணிக்கு 34 முறை மூச்சு தடைபடுவதாக வந்திருக்கிறது, ஆனாலும் பகலில் தூக்கம் வருவதாகத் தோன்றவில்லை, தினமும் கார் ஓட்டுகிறேன், தொடர்ந்து ஓட்டலாமா என்று உறுதி செய்ய ஏதேனும் பரிசோதனை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரு தூக்க ஆய்வகத்தில் டெக்னீஷியனாகப் பணிபுரிகிறேன். ஓட்டலாமா கூடாதா என்ற முடிவை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அந்த முடிவுக்கு உதவும் பரிசோதனைகளைப் பற்றி மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடுவதே ஸ்லீப் ஆப்னியா. அந்தத் தடை மணிக்கு 30-க்கு மேல் போனால் அது கடுமையான வகை. இந்த நோய்க்குச் சிகிச்சை பெறாத ஓட்டுநர்களை மொத்தமாக எடுத்துக்கொண்டால், விபத்துக்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம் என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் தனி ஒருவரின் பகல் நேர விழிப்பை, மணிக்கு எத்தனை தடை என்ற எண்ணால் சொல்லிவிட முடியாது. ஒரே எண் வந்த இருவரில் ஒருவர் வரவேற்பறை நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிடுவார், மற்றவர் நாள் முழுவதும் தெளிவாக இருப்பார்.

பொதுவாக முதலில் தரப்படுவது எப்வொர்த் கேள்வித்தாள். மெல்பர்னில் உள்ள எப்வொர்த் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் மரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்டது. படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, போக்குவரத்து நெரிசலில் சில நிமிடங்கள் வண்டி நிற்கும்போது என எட்டுச் சூழல்களில் தூங்கிவிடும் வாய்ப்பு எவ்வளவு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 24-இல் 10-ஐத் தாண்டினால் பகல் தூக்கம் மிகுதி என்று கொள்வார்கள். கணவர் நெரிசல் கேள்விக்கு 0 போடுவதையும், அருகில் இருக்கும் மனைவி, "ஏங்க, போன வாரம் சிக்னல்ல பின்னாடி வண்டிக்காரன் ஹார்ன் அடிச்சப்புறம்தானே முழிச்சீங்க?" என்று கேட்பதையும் நான் பார்த்திருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. பல ஆண்டுகளாகத் துண்டு துண்டாகத் தூங்கியவருக்கு முழு விழிப்பு என்பது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருக்கும். மந்தமே அவருக்கு இயல்பாகிவிடும். உரிமமும் பிழைப்பும் சம்பந்தப்பட்டிருந்தால் குறைத்துச் சொல்லும் எண்ணமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே "எனக்குத் தோன்றவில்லை" என்ற உங்கள் வரியை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். உங்களுடன் காரில் வருபவரிடம் அதே கேள்வித்தாளை உங்களைப் பற்றி நிரப்பச் சொல்லுங்கள்.

ஆய்வகத்தில் செய்யும் முக்கியப் பரிசோதனைகள் இரண்டு. எம்.எஸ்.எல்.டி. என்பதில் பகலில் இரண்டு மணி நேர இடைவெளியில் நான்கைந்து முறை படுக்க வைத்து, தூங்கச் சொல்லி, எவ்வளவு விரைவில் தூங்குகிறீர்கள் என்று பார்ப்பார்கள். பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் நார்கோலெப்சி என்ற நோயைக் கண்டறிய அது இன்றியமையாதது. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் தூங்க முயல்வதில்லை, வரும் தூக்கத்தோடு போராடுகிறார். அந்தப் போராட்டத்தை அளப்பது எம்.டபிள்யு.டி. எனப்படும் விழிப்புத் தாங்கும் பரிசோதனை. நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான்.

வழக்கமாக எழும் நேரத்திலிருந்து ஒன்றரை முதல் மூன்று மணி நேரத்துக்குள் முதல் சுற்று தொடங்கும். தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் எலெக்ட்ரோடுகளை ஒட்டி, முதுகுக்கும் தலைக்கும் தலையணை கொடுத்து, சன்னல் வெளிச்சமில்லாத அறையில் கட்டிலில் சாய்ந்து உட்கார வைப்போம். தலைக்குப் பின்னால் இரவு விளக்கு ஒன்று மட்டும் மங்கலாக எரியும். "அசையாமல் உட்காருங்கள், நேராகப் பாருங்கள், முடிந்தவரை விழித்திருங்கள்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவோம். பாட்டுப் பாடுவது, கன்னத்தில் அறைந்துகொள்வது போன்றவை கூடாது. ஒரு சுற்று 40 நிமிடம். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு சுற்றுகள். கண்கள் திறந்தே இருக்க, திரையில் மூளை அலைகள் மெல்ல மாறுவதைப் பக்கத்து அறையில் இருந்து பார்த்திருக்கிறேன். முப்பது நொடிப் பதிவுத் துண்டு ஒன்றில் 15 நொடிக்கு மேல் தூக்க அலை வந்துவிட்டால் அதுவே தூக்கத்தின் தொடக்கம். சுற்று முடிந்து கதவைத் திறந்ததும், "நான் தூங்கவே இல்லையே" என்று உறுதியாகச் சொல்பவர்கள் உண்டு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி கண் அசந்தால் வண்டி ஏறத்தாழ 90 மீட்டர் தானாக ஓடியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நான்கு சுற்றுகளின் சராசரி 8 நிமிடத்துக்குக் கீழே இருந்தால் தெளிவாகவே அசாதாரணம். நான்கிலும் 40 நிமிடம் விழித்திருந்தால் அது வலுவான நற்சான்று. இடைப்பட்ட அளவுதான் சிக்கலானது. பிரான்சில் பொர்தோ நகர ஆய்வாளர்கள் சிகிச்சை பெறாத ஆப்னியா நோயாளிகளை உண்மையான சாலையிலேயே ஓட்டவைத்துச் சோதித்து 2008-இல் வெளியிட்ட முடிவில், இந்தப் பரிசோதனையில் விரைவாகத் தூங்கியவர்கள் சாலையிலும் கோட்டைத் தாண்டி அதிகம் விலகினார்கள். தொழில்முறை ஓட்டுநர்களின் தகுதியை முடிவுசெய்ய அந்த நாடு இந்தப் பரிசோதனையைக் கேட்கிறது. இருந்தாலும் இது அந்த ஒரு நாளின் அளவு மட்டுமே. முந்தைய இரவு சரியாகத் தூங்காமல் அடுத்த வாரம் நெடுஞ்சாலையில் ஏறினால் இந்தச் சான்று உங்களைக் காப்பாற்றாது. உரிமம் போய்விடும் என்ற பயத்தில் ஆய்வகத்தில் விழித்திருப்பவர், வெறிச்சோடிய சாலையில் அதே முனைப்போடு இருப்பார் என்பதற்கும் உறுதியில்லை.

ஆக்ஸ்போர்டில் உருவான ஆஸ்லர் பரிசோதனை இன்னும் எளியது. மூன்று நொடிக்கொருமுறை மின்னும் சிறு விளக்கைக் கண்டதும் பொத்தானைத் தொட வேண்டும். தொடர்ந்து ஏழு முறை தவறினால் தூங்கிவிட்டதாகக் கணக்கு. எலெக்ட்ரோடே தேவையில்லை. சிமுலேட்டர் பரிசோதனைகளும் உள்ளன. ஆனால் அவற்றுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே வரம்பு இல்லாததால், அதை மட்டும் வைத்து ஒருவரைத் தகுதியற்றவர் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பாது.

உங்கள் நிலையில் முதலில் செய்ய வேண்டியது சிகிச்சை. தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியை ஒழுங்காகப் பயன்படுத்துவோரிடம் விபத்து வாய்ப்பு நன்றாகக் குறைகிறது. எத்தனை மணி நேரம் மாஸ்க் போட்டீர்கள் என்பதைக் கருவியே பதிவு செய்யும். பத்தில் ஏழு இரவுகளாவது நான்கு மணி நேரத்துக்கு மேல் என்பது பரவலாகக் கொள்ளப்படும் குறைந்தபட்ச அளவு, அதற்கு மேல் போனால் இன்னும் நல்லது. சில வாரங்கள் அப்படிப் பயன்படுத்திய பிறகு, அந்தப் பதிவையும் எடுத்துக்கொண்டு போய், "சிகிச்சையில் இருக்கும்போதே விழிப்புத் தாங்கும் பரிசோதனை செய்ய முடியுமா?" என்று கேளுங்கள். அதுவரை நீண்ட தூரமும் இரவுப் பயணமும் வேண்டாம். வழியில் கொட்டாவி தொடர்ந்தாலோ, கடைசியாகக் கடந்த ஊர் நினைவுக்கு வராமல் போனாலோ, கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குவதையும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவதையும் நம்பாதீர்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு, பதினைந்து இருபது நிமிடம் தூங்குங்கள். எழுந்த பிறகும் தூக்கக் கலக்கம் தெளியாவிட்டால் அன்று சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.