ராடுக்கு வரும் கணக்கு மோட்டாருக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: வீட்டு வாட்டர் ஹீட்டர் ராடில் 230 வோல்ட், 1500 வாட் என்று போட்டிருக்கிறது. சாயங்காலம் வோல்டேஜ் 190-க்கு இறங்கிவிடுவதால் தண்ணி சுடவே நேரமாகிறது. வோல்டேஜை ஆம்பியரால் வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட் என்கிறான் பத்தாவது படிக்கும் மகன். ராடுக்குச் சரியாக வருகிறது. ஆனால் கிணத்து மோட்டார் காயிலை மீட்டரில் பார்த்தால் 4 ஓம்தான். அப்படியானால் 57 ஆம்பியர் இழுக்க வேண்டுமே, ஓடும்போது 7 தான் காட்டுகிறது. யார் பேரில் தப்புங்க?
- வாசகர், காங்கேயம்

பதில்: பையன் பேரிலும் இல்லை, மீட்டர் பேரிலும் இல்லைங்க.

முதலில் ராடு. 1500-ஐ 230-ஆல் வகுத்தால் 6.5 ஆம்பியர், 230-ஐ 6.5-ஆல் வகுத்தால் சுமார் 35 ஓம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீட்டர் வைத்தாலும் கிட்டத்தட்ட அதேதான் காட்டும், ஏனென்றால் உள்ளே இருக்கும் நிக்ரோம் கம்பி சூடானாலும் அதன் ஓம் பெரிதாக மாறாது. (குண்டு பல்பு அப்படியில்லை, எரியும்போது இருக்கும் ஓமில் பத்தில் ஒரு பங்குகூட அணைந்திருக்கும்போது இருக்காது.) இப்போது 190 வோல்ட்: 35-ஆல் வகுத்தால் 5.4 ஆம்பியர், பெருக்கினால் ஆயிரத்துச் சொச்சம் வாட். வோல்டேஜ் ஆறில் ஒரு பங்குதான் குறைந்தது, ஆனால் கரண்டும் கூடவே குறைவதால் சூடு மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

மோட்டார் சமாச்சாரம் வேறு. நீங்கள் அளந்த 4 ஓம் வெறும் செம்புக்கம்பியினுடையது. மோட்டார் சுற்ற ஆரம்பித்ததும் காயிலுக்குள்ளேயே ஒரு எதிர் வோல்டேஜ் உண்டாகி, வருகிற கரண்டை மல்லுக்கு நின்று தடுக்கிறது, அதனால்தான் 7 ஆம்பியர். பேரிங் இறுகி மோட்டார் சுற்றாமல் நின்றுவிட்டால் அந்தத் தடுப்பு வெகுவாகக் குறைந்துவிடும், கரண்ட் பல மடங்கு ஏறி காயில் புகைந்துவிடும். வாட் கணக்கிலும் ஒரு இடைஞ்சல் உண்டு. 230-ஐ 7-ஆல் பெருக்கினால் 1610 வரும், அதை பவர் ஃபேக்டரால் (இழுக்கும் கரண்டில் நிஜமாக வேலைக்கு ஆகிற பங்கு), உதாரணமாக 0.75-ஆல், பெருக்கினால்தான் நிஜமான வாட், சுமார் 1200. அதில் 746 வாட் தண்ணீர் இறைக்க, அதாவது ஒரு ஹெச்.பி., மிச்சம் சூடாகப் போய்விடும்.

ராடும் மோட்டாரும் நேர் எதிராக நடந்துகொள்வது வோல்டேஜ் இறங்கும்போதுதான். ராடு கம்மியாக இழுக்கும். மோட்டாரோ அதே தண்ணீரை ஏற்றியாக வேண்டும், அதனால் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். காயில் கட்டுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள், அவரிடம் வரும் மோட்டாரில் எத்தனை லோ வோல்டேஜில் ஓடிக் கருகினது என்று சொல்வார். சாயங்காலம் 190 என்றால் ராடைப் போடுங்கள், மோட்டாரை விட்டுவிடுங்கள். அப்புறம், கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பார்க்கும்போது ஒரே ஒரு வயரைத்தான் கவ்வ வேண்டும், இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம்தான் காட்டும்.

கேள்வி: 1000 வாட் அயர்ன் பாக்ஸ் இரண்டை ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: ஒன்று 4.3 ஆம்பியர், இரண்டு சேர்ந்தால் 8.7. உங்கள் பாக்ஸ் 6 ஆம்பியர் பாக்ஸ் என்றால் கூடாது, வயர் சுட்டுவிடும்.