முக்கில் நின்ற சுமைதாங்கி

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் தக்கலை பக்கம். சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் முக்கில் தலைச்சுமை இறக்கிவைக்க நின்ற சுமைதாங்கிக் கல்லைப் பெயர்த்து ஓடையோரம் தள்ளிவிட்டார்கள். திரும்ப நிறுத்தச் சொல்லி மனு கொடுக்கலாம் என்றேன். 'கன்னியாகுமரியில் 133 அடிக்கு வள்ளுவர் நிற்கிறார், இந்த மூணு கல்லுக்கு மனுவா?' என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தக்கலை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மனு கொடுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

வள்ளுவர் சிலையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள். சிலை 95 அடி, பொருளும் இன்பமும். ஆனால் அந்தச் சிலை இல்லாவிட்டாலும் வள்ளுவர் நம்மிடம் இருப்பார். உங்கள் முக்கில் நின்ற கல் யாருக்காக வைக்கப்பட்டதோ, அவளுக்கு அதைத் தவிர வேறொன்றும் கிடையாது.

பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி வைப்பது வழக்கம். அவள் இறக்கிவைக்காத சுமைக்காக, வழியில் போகிறவர்களாவது இறக்கிவைக்கட்டும் என்று. என் பாட்டி மரச்சீனிக் கூடையோடு சந்தைக்கு நடப்பாள். தலைச்சுமையை இறக்க இன்னொரு ஆள் கை வேண்டும்; சுமைதாங்கி இருந்தால் வேண்டாம். குனியாமலே கூடையைக் கல்மேல் நகர்த்திவிட்டு, சும்மாட்டுத் துணியை உதறி முகம் துடைப்பாள். கிளம்பும்போது கல்லை ஒருதரம் தொட்டுக்கொள்வாள். யாருடைய கல் என்று அவளுக்குத் தெரியாது.

உங்களுக்குப் பக்கத்தில்தான் உதயகிரிக் கோட்டை. அங்கே டிலனாய் கல்லறை இருக்கிறது. டச்சுப் படையோடு வந்து, 1741 குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றவர். பிறகு அதே திருவிதாங்கூரின் தளபதியாகி, 1777இல் இறந்தார். கல்லறையின் லத்தீன் வாசகம் 'நில், வழிப்போக்கனே' என்று தொடங்குகிறது. கூரையில்லாத அந்தச் சுவர்களுக்குள் நின்றபோது எனக்குப் பாட்டி ஞாபகம்தான் வந்தது. தளபதியின் கல் நிற்கச் சொல்கிறது. பேர் தெரியாத அந்தப் பெண்ணின் கல் பாட்டியை நிற்கவைத்துக் கூடையையும் வாங்கிக்கொண்டது.

மனுவுக்கு முன்னால் ஒரு வேலை. குறுக்குக் கல்லை நாலு பேராகப் புரட்டி, வெறும் தண்ணீரும் துணியும் கொண்டு கழுவுங்கள். கம்பி பிரஷ், ஆசிட் எதுவும் கூடாது. சாய்வெயிலில் பார்த்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். ஆண்டு இருந்தால் நம் பக்கத்து வழக்கப்படி அது கொல்லம் ஆண்டாக இருக்கலாம். ஆங்கில ஆண்டு தெரிய 824 அல்லது 825 கூட்டிக்கொள்ளுங்கள். பெயர் ஏதாவது தென்பட்டால் மனுவின் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள். எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள்.