கூட்டிக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குச் சந்தா எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. தமிழ் நன்றாகப் பேசுகிறான். படிக்கச் சொன்னால் எழுத்தெழுத்தாகக் கூட்டித் திணறுகிறான். ஆண்டுச் சந்தா கட்டினால் ஆறே மாதத்தில் சரளமாகப் படிக்க வைத்துவிடுவதாக இணையத்தில் ஒரு பயிற்சி நிறுவனம் சொல்கிறது. இலவசமாகக் கிடைப்பதை வைத்து நானே சொல்லிக்கொடுக்க முடியுமா? எதில் தொடங்குவது?

பதில்: முடியும், அம்மா. சந்தாவைக் கட்டாதீர்கள்.

நன்றாகப் பேசுகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சொற்கள் அவனிடம் இருக்கின்றன. எழுத்தைக் கண்டதும் சொல்லாகப் பிடிக்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை. அதற்குப் பாடத்திட்டம் எதுவும் வேண்டாம். எளிய கதைகள் நிறைய வேண்டும், பக்கத்தில் நீங்கள் உட்கார வேண்டும்.

கதைகளுக்கு முதலில் ஸ்டோரிவீவர் தளத்துக்குப் போங்கள். பிரதம் புக்ஸ் என்ற லாப நோக்கற்ற குழந்தை நூல் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய தளம் அது. மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்தால் படக்கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிந்து வரும். எட்டு வயதாயிற்றே என்று மூன்றாம் நிலையைத் திறக்காதீர்கள். முதல் நிலையிலேயே தொடங்குங்கள். ஒரு பக்கத்தில் நான்கைந்து சொற்களில் தடுக்கினால் அந்தக் கதை அவனுக்கு இப்போது கடினம், மூடிவிடுங்கள். அங்கே யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து ஏற்றலாம் என்பதால் சில கதைகளின் தமிழ் கரடுமுரடாக இருக்கும். முதலில் நீங்கள் ஒருமுறை படித்துப் பாருங்கள். உங்கள் வாயில் நுழையாத வாக்கியம் அவன் வாயிலும் நுழையாது.

ஒரே கதையை மூன்று நாள் படியுங்கள். முதல் நாள் நீங்கள் விரல் வைத்துப் படிக்க அவன் பார்க்கட்டும், அடுத்த நாள் இருவரும் சேர்ந்து, மூன்றாம் நாள் அவன் மட்டும். நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். ‘மனப்பாடமாகச் சொல்கிறானே’ என்று பதறாதீர்கள். தெரிந்த வாக்கியத்தின் மேல் கண் ஓடும்போதுதான் எழுத்துகள் பதிகின்றன.

247 எழுத்து அட்டவணையை மறுபடி அ-விலிருந்து ஒப்பிக்க வைக்க வேண்டாம். எந்த இடத்தில் தடுக்குகிறான் என்று கவனியுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் கொம்பில் தடுக்குவார்கள். ‘மேடை’ என்ற சொல்லில் இரட்டைக்கொம்பை மகரத்துக்கு முன்னால் எழுதுகிறோம், ஒலியோ மகரத்துக்குப் பின்னால் வருகிறது. ‘பொம்மை’யில் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், கடைசி எழுத்தில் இன்னொரு கொம்பு. இடமிருந்து வலமாகக் கூட்டும் பிள்ளை இங்கே நிலைகுலைவது இயல்பு. இப்படிப்பட்ட சொற்களாகப் பத்து பொறுக்கி ஒரு வாரம் விளையாடுங்கள். ர-ற, ன-ண குழப்பத்தைப் படிக்கும்போது திருத்தாதீர்கள்; அது எழுதும்போது பார்த்துக்கொள்ள வேண்டியது.

கேட்பதற்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக்கல்விப் பகுதி இருக்கிறது. பாடல், கதை, உரையாடல் எல்லாம் உண்டு. 2001-இல் தொடங்கிய நிறுவனம். அதன் மின்னூலகத்தில் பழைய நூல்களின் படப்பிரதிகளும் கிடைக்கும், ஆனால் அவற்றை இப்போது அவனிடம் காட்ட வேண்டாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவற்றில் ணை, லை, னை போன்றவை வேறு வடிவத்தில் இருக்கும்; இருக்கிற குழப்பம் போதும். தமிழ் இலக்கியங்களை இலவச மின்னூல்களாகத் தரும் மதுரைத் திட்டம் என்ற தளம் பெரியவர்களுக்கு.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வாட்ஸப் குழுக்களில் ‘குழந்தைகளுக்கான முழு வாசிப்புத் தொகுப்பு’ என்று பணம் கேட்பவர்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். என்னிடம் பெற்றோர் கொண்டுவந்து காட்டிய தொகுப்புகளில் பாதிக்கு மேல் இலவசத் தளங்களிலிருந்து இறக்கியவை. எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் இருந்த பக்கத்தை வெட்டிவிட்டுத் தங்கள் தொலைபேசி எண்ணைப் போட்டிருந்தார்கள். பார்க்கவே வயிறு எரிந்தது.

இதில் ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஸ்டோரிவீவர் கதைகள் பெரும்பாலும் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் வெளியானவை. ஆக்கியவர் பெயரைக் குறிப்பிட்டால் அவற்றை யாரும் அச்சிடலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆகவே ஒருவர் நல்ல தாளில் அச்சிட்டு, பெயர்களையும் உரிமத்தையும் அப்படியே வைத்து, அச்சுக்கூலி கேட்டால் அவர் திருடர் அல்லர். திரை வேண்டாம், புத்தகமாக வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள். பெயரை அழித்துவிட்டு விற்பதுதான் குற்றம். ஆனால் எல்லா இலவசக் கோப்புக்கும் இது பொருந்தாது. இலவசமாக இறக்கிப் படிக்கலாம் என்பது வேறு, விற்கலாம் என்பது வேறு. எதுவானாலும் கடைசிப் பக்கத்தை முதலில் பாருங்கள். பெயரும் உரிமமும் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

‘இலவச வாசிப்புத் தேர்வு’ நடத்துபவர்களிடமும் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். விற்பவர் வைக்கும் தேர்வில் ஒரு பிள்ளை தேறி வந்ததாக இதுவரை எந்தப் பெற்றோரும் என்னிடம் சொன்னதில்லை. ‘ஏழு நாள் இலவசம்’ என்று சொல்லி வங்கி அட்டை எண்ணைக் கேட்டால் அது இலவசம் அல்ல. எட்டாம் நாள் பணம் எடுக்கத்தான் அந்த எண்.

இந்த இடைத்தரகர்கள் பிழைப்பதற்கு வழிவிட்டதே பொறுப்பில் இருப்பவர்கள்தான். பாடநூலை ஒரு பெரிய கோப்பாக ஏற்றிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கைப்பேசியில் திறந்தால் எழுத்து பொடிப்பொடியாகத் தெரியும். ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. எல்லாக் கருவியும் படிக்கும் பொதுக் குறியீடான யுனிகோடு வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பழைய எழுத்துருவிலேயே கோப்பு. தளத்தை மாற்றியமைக்கும்போது பழைய இணைப்புகளையெல்லாம் அறுத்துவிடுவார்கள். நல்ல பொருளை யாரும் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் வைத்தால், அதை எடுத்து விற்க ஒருவன் வரத்தான் செய்வான்.

மூன்று மாதம் இப்படிப் படித்தும் நேற்றுப் பார்த்த எழுத்தை இன்று அறியாதவனாக இருந்தால், முதலில் கண் மருத்துவரிடமும், பிறகு கற்றல் குறைபாடு அறிந்த சிறப்பாசிரியரிடமும் கூட்டிப்போங்கள். அப்போதும் செயலி எதையும் வாங்க வேண்டாம். இன்றிரவு முதல் நிலையில் ஒரு கதையை நீங்களே படித்துக்காட்டித் தொடங்குங்கள்.