முதல் தீம் பார்க் பயணம்: சின்னக் குழந்தைகளோடு எங்கே தங்குவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

டிக்கெட் எப்போது வாங்குவது, எந்த ரைடில் முதலில் ஏறுவது என்று வாரக்கணக்கில் யோசிக்கிற குடும்பங்கள், தங்குமிடத்தை மட்டும் போட்டோவையும் வாடகையையும் பார்த்து ஒரே இரவில் முடித்துவிடுகின்றன. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும். மதியம் ஒரு மணிக்கு குழந்தை கண்ணைக் கசக்கத் தொடங்கும்போது படுக்கை எத்தனை நிமிடத் தொலைவில் இருக்கிறது? கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும்.

எங்களுக்கு 3 வயதிலும் 5 வயதிலும் பிள்ளைகள். பார்க் நடத்தும் ஹோட்டலின் வாடகை, வெளியே உள்ள ஹோட்டலைப் போல இரண்டு மடங்கு. அவ்வளவு கொடுப்பது தகுமா?

ஹோட்டலை யார் நடத்துகிறார்கள் என்பதை விடுங்கள். வாசலிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பார்க்கின் சொந்த ஹோட்டல் என்றாலே பக்கம் என்று நினைப்பதுதான் முதல் தடவை போகிறவர்கள் செய்யும் தவறு. கலிபோர்னியாவின் அனஹைமில், டிஸ்னிலாண்டுக்கு எதிரே ஹார்பர் பூல்வார்டில் இருக்கும் வேறு நிறுவனங்களின் ஹோட்டல்கள் சில, டிஸ்னியின் சொந்த ஹோட்டல்கள் சிலவற்றைவிட நுழைவாயிலுக்கு அருகில் உள்ளன. அங்கே வெளி ஹோட்டல் நல்ல தேர்வு.

புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் கதை வேறு. அந்த வளாகம் ஒரு நகரத்தின் அளவு. அதிலுள்ள மேஜிக் கிங்டம் பார்க்குக்குக் காரில் போனால் நிறுத்துமிடத்திலிருந்து நேராக வாசலுக்கு நடக்க முடியாது. மோனோரயிலில் ஏரியைச் சுற்றியோ படகில் ஏரியைக் கடந்தோ போக வேண்டும். வளாகத்துக்குள் இருக்கும் கன்டெம்பரரி ஹோட்டலில் தங்கினால் நடந்தே வாசலை அடையலாம். டிஸ்னிலாண்ட் பாரிசின் டிஸ்னிலாண்ட் ஹோட்டல் பார்க்கின் நுழைவாயிலிலேயே நிற்கிறது. டோக்கியோவில் மிராகோஸ்டா ஹோட்டல் டிஸ்னிசீ பார்க்குக்கு உள்ளேயே இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் கூடுதல் வாடகை உங்கள் நேரத்தை வாங்கித் தருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வழிக்கு 15 நிமிடம் என்றால், 12.30க்குப் பார்க்கை விட்டுக் கிளம்பி, இரண்டு மணி நேரம் தூங்கவைத்து, மூன்றரைக்கெல்லாம் திரும்பிவிடலாம். ஒரு வழிக்கு 45 நிமிடம் என்றால் போக வர மட்டும் ஒன்றரை மணி. அப்போது யாரும் அறைக்குத் திரும்ப மாட்டார்கள். குழந்தை ஸ்ட்ரோலர் என்ற தள்ளுவண்டியிலேயே அரைகுறையாகத் தூங்கும், மாலை ஐந்து மணிக்கு அழுகை தொடங்கும், அந்த நாளின் டிக்கெட் அதோடு முடிந்தது. இப்படி நாளுக்கு எத்தனை மணி நேரம் வீணாகும் என்று பார்த்துவிட்டு, வாடகை வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள்.

சொந்த ஹோட்டல்களில் சீக்கிரம் உள்ளே விடும் சலுகையும் உண்டு. வால்ட் டிஸ்னி வேர்ல்டில் அது அரை மணி நேரம். காலை ஆறு மணிக்கே விழிக்கும் குழந்தை என்றால் இது பெரிய லாபம். எட்டு மணிக்கு எழுப்பி, ஒன்பதரைக்குத்தான் கிளம்ப முடியும் என்றால் இதற்காக ஒரு காசும் கூடக் கொடுக்காதீர்கள்.

"பார்க்குக்கு 5 நிமிடம், இலவச ஷட்டில் பஸ் உண்டு" என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

ஐந்து நிமிடம் என்பது வழக்கமாக, போக்குவரத்து இல்லாத நேரத்தில் காரில் வளாகத்தின் எல்லைக்குப் போகும் நேரம். மேப்பில் ஹோட்டல் வாசலையும், டிக்கெட்டைக் காட்டி உள்ளே நுழையும் இடத்தையும் தனித்தனியாகக் குறித்து, நடக்கும் வழியைக் கேளுங்கள். வரும் நிமிடத்தை ஒன்றரையால் பெருக்கினால் சின்னக் குழந்தையோடு நடக்கும் நேரம் கிடைக்கும். வழியில் நடைபாதை இருக்கிறதா, எத்தனை இடத்தில் பெரிய சாலையைக் கடக்க வேண்டும் என்பதையும் தெருப் படங்களில் பார்த்துவிடுங்கள்.

ஷட்டில் பற்றி ஹோட்டலுக்கே போன் செய்து இவற்றைக் கேளுங்கள்: மதியம் 12 முதல் 4 வரை பஸ் உண்டா? எத்தனை நிமிடத்துக்கு ஒன்று? வேறு எத்தனை ஹோட்டல்களில் நின்று போகும்? முன்பதிவு வேண்டுமா? வாணவேடிக்கை முடிந்த பிறகு கடைசி பஸ் எத்தனை மணிக்கு? காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று மட்டும் ஓடும் ஷட்டில், மதியத் தூக்கத்துக்கு உதவாது.

பலர் யோசிக்காத ஒன்று இருக்கிறது. பஸ்ஸில் ஏற வேண்டுமானால் பெரும்பாலும் ஸ்ட்ரோலரை மடிக்கச் சொல்வார்கள். அதாவது, வாசலுக்கு வரும் வழியில் தூங்கிப்போன குழந்தையை எழுப்பித் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையில் வண்டியை மடிக்க வேண்டும். மோனோரயிலில் தூங்கும் குழந்தையை அப்படியே தள்ளிக்கொண்டு ஏறலாம். நடந்து போகும் தூரம் என்றால் இந்தக் கவலையே இல்லை. நடை, பிறகு ரயில், பிறகு பஸ் என்று நான் வரிசைப்படுத்துவதற்குக் காரணம் இதுதான்.

10 மாதக் குழந்தையும் 4 வயதுப் பையனும். சாதாரண டபுள் ரூம் போதுமா, சூட் (படுக்கையறையோடு தனிக் கூடமும் உள்ளது) எடுக்க வேண்டுமா?

படுக்க இடம் போதும். சிக்கல் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும். குழந்தைகள் தூங்க விளக்கை அணைத்தாக வேண்டும். அதன்பின் நீங்கள் இருவரும் இருட்டில், பேசாமல், போனின் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இரண்டு இரவு என்றால் சமாளிக்கலாம். நான்கைந்து இரவு என்றால் நடுவில் கதவு உள்ள இடத்தைத் தேடுங்கள்.

இங்கே பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஜூனியர் சூட், ஸ்டூடியோ சூட், ஃபேமிலி ரூம் என்று எழுதியிருப்பவற்றில் பல, ஒரே நீள அறையை அலமாரியாலோ அரைச்சுவராலோ பிரித்தவை. தரைப்படத்தை அனுப்பச் சொல்லுங்கள். படுக்கையறைக்கு மூடும் கதவு இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். சூட் கிடைக்காவிட்டால், உள்கதவால் இணைந்த இரண்டு சாதாரண அறைகள் பல நேரம் சூட்டைவிட மலிவு, குளியலறையும் இரண்டு. ஆனால் "முயற்சி செய்கிறோம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். இணைந்த அறை உறுதி என்று புக்கிங் தாளிலேயே வர வேண்டும். இல்லாவிட்டால் நள்ளிரவில் பக்கத்து அறைக்கு வராந்தா வழியாகத்தான் நடக்க வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் பட்ஜெட் இல்லையா? பால்கனி உள்ள அறையை எடுங்கள். குழந்தைகள் தூங்கியதும் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நீங்கள் உட்காரலாம், அவர்கள் கண்ணிலும் படுவார்கள். பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் பையனுக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். கம்பிகளின் இடைவெளி 10 செ.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும். நாற்காலியையும் மேசையையும் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போடக் கூடாது, ஏறிவிடுவான்.

ஹோட்டலில் கொடுக்கும் தொட்டில் பாதுகாப்பானதா? கைக்குழந்தையை அறை எண்ணிக்கையில் சேர்ப்பார்களா?

தொட்டில் இருக்கிறது என்பதும் உங்களுக்கு ஒன்று ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதும் வேறு வேறு. பல ஹோட்டல்களில் இருப்பு குறைவு, முதலில் வருபவருக்கே கிடைக்கும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு மறுபடி கேட்டு உறுதி செய்யுங்கள்.

கொண்டுவந்து வைத்ததும் ஐந்து நிமிடம் செலவழித்துச் சோதியுங்கள். மரத் தொட்டில் என்றால் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி 6 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. மெத்தைக்கும் ஓரத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைந்தால் மாற்றிக் கேளுங்கள். மடக்குத் தொட்டில் என்றால் மேல்கம்பிகள் நான்கும் 'க்ளிக்' என்று பூட்டியிருக்கின்றனவா என்று அழுத்திப் பாருங்கள். அதன் மெத்தை கெட்டியாக, மெலிதாகத்தான் இருக்கும். பாவம் குழந்தைக்கு உறுத்துமே என்று மேலே இன்னொரு மெத்தையோ மடித்த ரஜாயோ போடாதீர்கள். ஓரத்தில் உருவாகும் இடுக்கில் முகம் புதைந்து மூச்சு முட்டும். தலையணையும் வேண்டாம். வீட்டில் துவைத்த விரிப்பைக் கொண்டுபோங்கள், அளவு சரியாக, இறுக்கமாகப் பொருந்த வேண்டும். தொட்டிலை ஜன்னல் திரைக் கயிறு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

எண்ணிக்கை ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். வால்ட் டிஸ்னி வேர்ல்டில் தொட்டிலில் படுக்கும் 3 வயதுக்குட்பட்ட குழந்தையை அறையின் உச்சவரம்புக்கு மேல் அனுமதிக்கிறார்கள். வேறு பல இடங்களில் பிறந்த குழந்தையும் ஒரு தலைதான். புக் செய்யும்போதே வயதை மறைக்காமல் சொல்லுங்கள். வந்து நிற்கும்போது பெரிய அறைக்கு மாறச் சொன்னால் அன்றைய விலைதான் கொடுக்க வேண்டும்.

இரண்டடுக்குக் கட்டில் உள்ள தீம் ரூம் ரொம்ப அழகாக இருக்கிறது. 4 வயதுக் குழந்தை மேலே படுக்கலாமா?

கூடாது. மேல் கட்டில் 6 வயது நிறைந்தவர்களுக்குத்தான். கீழே படுக்கவையுங்கள், ஏணியைக் கழற்ற முடியுமா என்று கேளுங்கள்.

தாத்தா, பாட்டியும் வருகிறார்கள், மொத்தம் ஏழு பேர். வாடகைக்குத் தனி வீடு எடுத்தால் சிக்கனம்தானே?

ஏழு பேருக்கு, நான்கு இரவுக்கு மேல் என்றால் பெரும்பாலும் ஆம். சமையலறை, வாஷிங் மெஷின், ஆளுக்கொரு அறை, எல்லோரும் கூடி உட்கார ஒரு கூடம் என்று எல்லாமே கிடைக்கும். ஆனால் துப்புரவுக் கட்டணம் எத்தனை இரவு தங்கினாலும் ஒரே தொகை. இரண்டு இரவுக்குத் தங்கினால் சிக்கனம் காணாமல் போகும். மொத்தத் தொகையை இரவுகளால் வகுத்து, அதோடு தினமும் கார் நிறுத்தும் கட்டணத்தையும் சேர்த்து, இரண்டு ஹோட்டல் அறையோடு ஒப்பிடுங்கள்.

தனி வீட்டில் கவலைப்பட வேண்டியது நீச்சல் குளம். கூடத்துக் கதவைத் திறந்தால் நேராகக் குளம் என்ற அமைப்பு போட்டோவில் கொள்ளை அழகு. சின்னக் குழந்தை உள்ள வீட்டில் அதைப் போல ஆபத்து வேறில்லை. நான்கு பக்கமும் வேலி, தானாகச் சாத்திப் பூட்டிக்கொள்ளும் கதவு, வீட்டுக் கதவில் அலாரம் மூன்றும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். வேலியே இல்லை என்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். எத்தனை பெரியவர்கள் இருந்தாலும் "அவர் பார்த்துக்கொள்வார்" என்று ஒவ்வொருவரும் நினைக்கும் நேரத்தில்தான் விபத்து நடக்கிறது. யார் காவல் என்று அரை மணிக்கு ஒருவராகப் பெயர் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். கையில் மாட்டும் காற்றுப் பையை நம்பாதீர்கள். பெரியவர் ஒருவர் கை நீட்டினால் எட்டும் தொலைவில் தண்ணீருக்குள் இருக்க வேண்டும்.

புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்க வேண்டும். படிக்கட்டுக்குத் தடுப்புக் கதவு கேளுங்கள். தாத்தா, பாட்டிக்குத் தரைத்தளத்தில் படுக்கையறையும் குளியலறையும் அமைய வேண்டும். அவர்களுக்கும் மதியம் இளைப்பாற வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். பல குடும்பங்களில் தூங்கும் குழந்தையோடு அறையில் இருந்துகொள்வதையே அவர்கள் விரும்புவார்கள். வீடு அருகில் இருந்தால்தான் அது நடக்கும்.

எந்த மாடி, எந்தப் பக்க அறை கேட்கலாம்?

இரண்டு கோரிக்கைக்கு மேல் வைக்காதீர்கள், ஐந்தாறு அம்சப் பட்டியலை யாரும் நிறைவேற்ற மாட்டார்கள். முதலாவதாகத் தரைத்தளம் கேளுங்கள். குதிக்கும் பிள்ளைகளுக்குக் கீழே யாரும் இல்லை, காலையில் ஸ்ட்ரோலரோடு லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அடுத்து, குளம், லிஃப்ட், ஐஸ் இயந்திரம் மூன்றிலிருந்தும் தள்ளி ஓர் அறை. வாணவேடிக்கை தெரியும் அறைக்குக் கூடுதலாகக் கேட்பார்கள். எட்டு மணிக்குத் தூங்கும் குழந்தை வைத்திருப்பவர்கள் அந்த ஓசைக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. வெளிச்சம் புகாத திரை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, நான்கு துணிக் கிளிப்பும் எடுத்துப் போங்கள், நடுவில் விடும் இடைவெளியை மூட உதவும்.

குளியல் தொட்டி வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும், புதுப்பித்த ஹோட்டல்கள் பலவற்றில் ஷவர் மட்டுமே இருக்கிறது. வெந்நீர் 49 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் குழந்தையின் தோல் வெந்துவிடும். முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே குழந்தையை இறக்குங்கள்.

எங்கள் விமானம் அதிகாலை 5 மணிக்கு இறங்குகிறது, செக்-இன் 3 மணிக்கு. என்ன செய்வது?

முந்தைய இரவுக்கும் சேர்த்து புக் செய்யுங்கள். ஓர் இரவு வாடகை கூடும்தான், ஆனால் தூங்காத குழந்தையோடு பத்து மணி நேரம் லாபியில் உட்கார முடியாது. "அடுத்த நாள் அதிகாலை வருகிறோம்" என்று ஹோட்டலுக்கு எழுதித் தெரிவித்து, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வரவில்லை என்று கருதி மொத்த புக்கிங்கையும் ரத்து செய்துவிடலாம். அந்த நாளுக்குப் பார்க் டிக்கெட் வாங்காதீர்கள்.

ரீஃபண்ட் இல்லாத புக்கிங் மலிவாக இருக்கிறது. எடுக்கலாமா?

ஐந்து வயதுக்குள் குழந்தை இருக்கும் வீட்டில் பயணத்துக்கு முதல் நாள் காய்ச்சல் வருவது சகஜம். ரத்து செய்யக்கூடிய விலையையே எடுங்கள். கடைசித் தேதி, மணி இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அது ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரம். டிக்கெட்டையும் ரூமையும் சேர்த்து விற்கும் பேக்கேஜுக்கு விதிகள் இன்னும் கடுமையாக இருக்கலாம், தனியாகப் படியுங்கள்.

விலையை ஒப்பிடும்போது கடைசிப் பக்கத்துத் தொகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2025 மே 12 முதல், ரிசார்ட் கட்டணம் போன்ற கட்டாயத் தொகைகளை முதலிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்ற விதி நடப்பில் இருக்கிறது. அதிலும் வரியையும் கார் நிறுத்தும் கட்டணத்தையும் தனியாகக் காட்டலாம். கூடுதல் கட்டில், குழந்தையின் காலை உணவு, ஃபிரிட்ஜ் இவற்றுக்குக் காசு உண்டா என்பதை மெயிலில் கேட்டு வாங்கிவிடுங்கள், போனில் சொன்னதை செக்-இன் நேரத்தில் காட்ட முடியாது.